பொங்கல் வரைக்கும் கட்டு

அக்டோபர் 5, ஞாயிறு

தினமும் டைரி எழுதுங்கள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகப் போதித்துவருகிறேன். நான் எழுதியதில்லை என்பது இதுவரை வெளியே தெரியாது. இன்றைக்கு எழுதக் காரணம் இருக்கிறது. என் அக்காவிடம் ஒரு சவால் விட்டிருக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிப் பேசிவிடக் கூடாது.

நடந்தது இதுதான். என் மனைவி உலகம்மாள் போன மாதம் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டு, கையைத் துணியில் ஏந்தி, கழுத்திலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். விசாரித்துப் போக மதுரையிலிருந்து சண்முகவடிவு அக்காவும் சங்கரலிங்கம் அத்தானும் இன்று அம்பைக்கு வந்தார்கள். சாத்துக்குடிப் பையைக் கீழே வைப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏல ஆவுடை, இவளால இனி ஒண்ணும் முடியாது. தீவாளி, கார்த்திகை, பொங்கல் மூணையும் எங்க வீட்ல வச்சுக்கிடுவோம். இந்த வருசம் மட்டுமில்ல, இனிமே எப்பவும்."

எங்கள் அப்பா காலத்திலிருந்து பண்டிகை என்றால் எல்லோரும் கூடுவது இந்த அம்பை வீட்டில்தான். மதுரை வீடு எப்படி என்றால், அங்கே அத்தானின் வயிற்றுப்புண்தான் குடும்பத் தலைவர். சட்னி வெள்ளையாக இருக்கும், சாம்பாரும் ஏறக்குறைய அப்படித்தான். இலையில் உட்கார்ந்த பிறகு, நாம் சாப்பிடப்போகும் சோறு குடலுக்குள் எந்தெந்த வளைவில் எப்படித் திரும்பும் என்று அத்தான் விளக்குவார். அதன் பிறகு யாருக்குச் சோறு இறங்கும்?

"முடியாதுக்கா. மூணையும் நானே செய்யுதேன். என் கையால," என்றேன்.

"நீயா? நீ சுடுதண்ணி வச்சாலே அடிப்பிடிக்கும்."

வாய் வார்த்தை வளர்ந்து விதிமுறைகள் உருவாயின. தீபாவளிக்கு முந்திரிக்கொத்து, கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை, பொங்கலுக்குப் பொங்கல். மூன்றில் ஒன்று தவறினாலும் பண்டிகைகள் நிரந்தரமாக மதுரைக்குப் போய்விடும். அத்தான் நடுவர்.

"என்னையும் ஒரு வார்த்தை கேட்டியளா?" என்றாள் உலகம்மாள். கேட்கவில்லைதான். சவால் விடும்போது அதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை.

அக்டோபர் 9

முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்தேன். கருகிவிட்டது. இது ஒத்திகைதான்.

அக்டோபர் 11, சனி

உலகம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியை அடுக்களை வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பயிற்சியாளர் மாதிரி. ஆனால் பயிற்சி கொடுக்கத் தெரியவில்லை. முப்பது வருட பி.டி. வாத்தியார் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

"வெல்லப்பாகு எவ்வளவு நேரம் கொதிக்கணும்?"

"பதம் வார வரைக்கும்."

"பதம் வந்துட்டுன்னு எப்படித் தெரியும்?"

"வந்தா தெரியும்."

"உப்பு?"

"கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டுன்னா எவ்வளவு?"

"போட்டா போதும்னு தோணும்லா, அவ்வளவு."

எனக்கு எதைப் போட்டாலும் போதும் என்றுதான் தோன்றுகிறது. நூறு மீட்டர் ஓட்டத்தை இப்படிச் சொல்லிக்கொடுத்தால் பையன் எங்கே போய் நிற்பான்?

அக்டோபர் 18, சனி

காலையிலிருந்து அடைமழை. முந்திரிக்கொத்து தயார். வறுத்த பயறை மாவாக்கி, பாகில் கிளறி, உருட்டி, அரிசிமாவில் முக்கி, எண்ணெயில் போட்டு எடுத்துவிட்டேன். பார்க்க அம்சமாக இருக்கிறது. ஒன்று தவறிக் கீழே விழுந்து தரையில் சின்னதாக ஒரு பள்ளம். அந்த இடத்தில் மிதியடியைப் போட்டு மூடியிருக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடியுமுன் விசில் ஊதி எல்லோரையும் எழுப்பினேன். அக்கா, அத்தான், கோவையிலிருந்து வந்திருக்கும் என் மகள் நாச்சியார், எல்லோரும் உயர வரிசையில் நின்றார்கள். தலைக்கு ஒரு கரண்டி எண்ணெய், ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர். அக்கா மட்டும் விசிலுக்குக் கட்டுப்படுவதில்லை. அவளை நான்தான் இழுத்துவர வேண்டியிருந்தது.

பிறகு முந்திரிக்கொத்து. அக்கா ஒன்றை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தாள். "என்னல இது, குண்டு எறிதலுக்கு வச்சிருக்கியா?" நாச்சியார் ஒன்றை அம்மியில் வைத்துக் குழவியால் தட்டினாள். குழவி எகிறியது. அத்தான் நடுவர் என்பதால் கடித்தே ஆக வேண்டும். கடித்தார். அவருடைய பல்செட் முந்திரிக்கொத்தில் தங்கிவிட்டது.

அதைப் பிடுங்கி எடுத்து மாட்டிக்கொண்டு, நெடுநேரம் யோசித்து, "மெதுவாக் கரையுது. வயித்துக்கு நல்லது. பாஸ்," என்றார். அக்கா அவரை முறைத்த முறைப்பில் பட்டாசு தானே வெடித்திருக்கும். முதல் போட்டி நமக்கு!

அக்டோபர் 27, திங்கள்

எனக்கு மாவட்ட விளையாட்டுப் போட்டி. அதனால் நாச்சியார்தான் அவள் அம்மாவை எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள். பிசியோதெரபி படிக்கிற பெண், விவரமாகப் பேசுவாள். மாவுக்கட்டை எடுத்துவிட்டுத் துணிக்கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

"இது எப்ப சரியாகும்?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொங்கல் வரைக்கும் ஆகும்பா," என்றாள் நாச்சியார்.

பிறகு கைக்குப் பயிற்சி என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே ஒரே சிரிப்பு. வலியை மறக்கச் சிரிக்க வைப்பதும் ஒரு சிகிச்சை போலிருக்கிறது. படிக்க வைத்தது வீண் போகவில்லை.

நவம்பர் 8, சனி

தினசரிச் சமையல் இன்னமும் என் பொறுப்புதான். எலுமிச்சை ஊறுகாய் ஜாடி திறக்கவில்லை. துணி சுற்றித் திருகினேன், வெந்நீரில் வைத்தேன், வாய்விட்டுத் திட்டியும் பார்த்தேன். அசையவில்லை. முகம் கழுவிவிட்டு வந்தால் திறந்து கிடக்கிறது. நான் திருகியதன் பலன் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்திருக்கிறது.

நவம்பர் 15, சனி

மழை. ரசம் சுமார். உலகம்மாளுக்கு வலி இப்போது இடது கைக்குப் போயிருக்கிறது. காலையில் கட்டு அந்தக் கையில் இருந்தது. கேட்டேன். "நரம்பு அப்படித்தாங்க. அங்குட்டும் இங்குட்டும் போவும்," என்றாள். மத்தியானம் வலது கைக்கே திரும்பிவிட்டது. பாவம்.

ஒன்று கவனித்தேன். கை உடைந்ததிலிருந்து அவள் ஏதாவது பாட்டு முணுமுணுக்கிறாள். சாயங்காலமானால் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரோடு ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்து போய்விட்டு வருகிறாள். இத்தனை வலியிலும் இப்படி இருக்கப் பெரிய மனம் வேண்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

ஓலைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். ஒரு கட்டு ஓலை வாசலில் கிடக்கிறது. உலகம்மாள் எட்டிப் பார்த்து, "இது கூரை மேயுத ஓலைல்லா. கொழுக்கட்டைக்குக் குருத்தோலை வேணும்ங்க," என்றாள். ஓலையில் என்ன ஜாதி வித்தியாசம்? ஆவியில் வைத்தால் எல்லாம் வேகும்.

டிசம்பர் 3, புதன், திருக்கார்த்திகை

அக்காவும் அத்தானும் மத்தியானமே வந்துவிட்டார்கள். நான் அரிசிமாவில் வெல்லமும் தேங்காயும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்து, ஓலைக்குள் வைத்துக் கட்டி, பானையில் அடுக்கினேன். மாவைவிட ஓலையை மடக்குவதற்குத்தான் பலம் தேவைப்பட்டது. இரண்டு ஓலை திருப்பி அடித்ததில் நெற்றியில் கோடு. முதல் ஈடு வெந்ததும் திருட்டுத்தனமாக ஒன்றைத் தின்று பார்த்தேன். வேலியைக் கடித்தது மாதிரி இருந்தது. மதுரையின் அந்த வெள்ளைச் சட்னி கண்முன் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து உலகம்மாள், "ஏங்க, கோயில்ல சொக்கப்பனை கொளுத்தப் போறாகளாம். மைனியையும் அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க. அடுப்பை நான் பாத்துக்கிடுதேன்," என்றாள்.

"ஒத்தக் கையால என்னட்டி செய்வ?" என்றாள் அக்கா.

"பாத்துக்கிட்டு இருக்கதுக்குக் கை எதுக்கு மைனி?"

நியாயம்தான். போனோம். சொக்கப்பனை திகுதிகுவென்று எரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, தோல்வியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால், வீடு முழுக்க விளக்கு. தாம்பாளம் நிறையக் கொழுக்கட்டை. ஓலையைப் பிரித்தால் பூ மாதிரி மாவு வருகிறது. அத்தான் நான்கு தின்று, குடலை மறந்து, ஐந்தாவதுக்குக் கை நீட்டினார்.

இரண்டாவது போட்டியும் நமக்கு!

டிசம்பர் 4

நேற்றைய வெற்றியை ஆராய்ந்தேன். முற்றின ஓலையும் ஆவியில் வேகவேக இளசாகிவிடும், மஞ்சளாகவும் மாறும். இது யாருக்கும் தெரியாத விஷயம். ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். அறிவியல் வாத்தியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நான் வாங்கிய ஓலைக்கட்டில், முதல் ஈட்டுக்கு எடுத்தது போக மிச்சம் அப்படியே குறையாமல் கிடப்பது போல இருக்கிறது. உலகம்மாளின் துணிக்கட்டில் வெல்லம் பிசுபிசுக்கிறது. நாட்டு வைத்தியம் ஏதோ பார்க்கிறாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. கோயில் ஒலிபெருக்கி என் விசிலை முந்திக்கொண்டது. கதவைத் திறந்தால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தேர்க்கோலம், நடுவில் பறங்கிப்பூ. "யார் போட்டது?" என்றேன். "ஸ்டெல்லா டீச்சர் போட்டுக் குடுத்தாங்க," என்றாள் உலகம்மாள். கிறிஸ்தவப் பெண்ணுக்கு இவ்வளவு நேர்த்தியாகத் தேர்க்கோலம் வருகிறது. மனசு நிறைந்துவிட்டது.

டிசம்பர் 25, வியாழன்

ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து. குடில் பார்த்தோம், கேக் சாப்பிட்டோம். கோலத்துக்கு நன்றி சொன்னேன். "எனக்குப் புள்ளி வைக்கவே வராதே சார்," என்றார். அடக்கம்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "உலகம்மாள் அக்காவுக்கு நல்ல தெம்பு சார். முந்தாநாள் கேஸ் சிலிண்டரை அவங்களேதான உருட்டிட்டுப் போனாங்க." உலகம்மாள் அவருக்கு இன்னொரு துண்டு கேக்கை வாயிலேயே ஊட்டிவிட்டாள். பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஸ்டெல்லா டீச்சர் வேறு யாரையோ பார்த்திருப்பார். கண்ணாடி மாற்ற வேண்டிய வயதுதான்.

ஜனவரி 3, சனி

கடைத்தெருவில் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். கரும்பு வாங்கிக்கொண்டிருந்தார். உலகம்மாள் கையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். பேசினதும் நான் பக்கத்தில் இருந்த மூட்டையில் சிறிது உட்கார்ந்தேன். வெயில் அதிகம்.

ஜனவரி 4, ஞாயிறு

மருந்துக்கடையில் புதிதாக ஒரு துணிக்கட்டு வாங்கிவந்தேன். பழையது நைந்துவிட்டது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? உலகம்மாள் வாங்கிக்கொண்டு, "எதுக்குங்க இப்ப?" என்றாள். "பொங்கலுக்கு நாலு பேர் வாராகல்லா," என்றேன்.

சாயங்காலம் அவள் பாலத்துக்கு நடந்து போனாள். நான் புளிக்குழம்பு வைத்தேன். பரவாயில்லாமல் வந்தது. போட்டால் போதும் என்று தோன்றும் அந்த உப்பு, இன்றைக்கு எனக்கே தோன்றியது.

ஜனவரி 14, புதன், போகி

அக்கா, அத்தான், நாச்சியார் எல்லோரும் வந்தாயிற்று. வந்ததும் அக்கா, "ஏட்டி உலகு, எந்தக் கை வலிக்கு?" என்று கேட்டாள். "வலது" என்றாள் உலகம்மாள். "இடது" என்றேன் நான். நல்லவேளை, நாச்சியார் உடனே, "நரம்பு அத்தை, ரெண்டும் ஒண்ணுதான்," என்று படித்த பெண்ணாகப் பதில் சொன்னாள். அக்காவின் புருவம் ஏறியது. கடைசிப் போட்டியில் விடமாட்டாள் போலிருக்கிறது.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

முற்றத்தில் பொங்கல் கட்டி மூன்றை அடுப்பாக வைத்து, பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டி, கரும்பு சாத்தி, அடுப்பு மூட்டினேன். பால் பொங்கி வழிய வேண்டும். வழிந்தால்தான் பொங்கல், இல்லாவிட்டால் வெறும் பாயசம் என்று அக்கா நேற்றே விதியைத் திருத்திவிட்டாள். எல்லோரும் கூவுவதற்குத் தயாராக வாயைத் திறந்துகொண்டு நின்றோம்.

பொங்கவில்லை. பால் பாதிப் பானையில் நின்று சும்மா தளதளத்தது. நான் பாலைக் குறைவாக ஊற்றியிருக்கிறேன். அத்தான் கண்ணாடியைப் போட்டு எட்டிப் பார்த்து, "கஷ்டம்தான் மாப்ள," என்றார். விறகைத் தள்ளினேன், ஊதினேன், கண்ணெல்லாம் புகை. அக்கா, "சித்திரைக்கு மதுரைக்கு வந்துருங்க. திருவிழாவும் பாத்த மாதிரி ஆச்சு," என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகைதான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள், நல்லது.

அப்போது கவனித்தேன். உலகம்மாள் எனக்குப் பின்னால் பெரிய பால் தூக்குவாளியோடு நிற்கிறாள். எந்தக் கையால் பிடித்திருந்தாள் என்பது இங்கே முக்கியமில்லை.

நான் எழுந்து விசிலை ஊதினேன். "எல்லாரும் கிழக்கே திரும்பு! சூரியனைக் கும்பிடு!"

அத்தானும், நாச்சியாரும், வேலி தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா டீச்சரும் டக்கென்று கிழக்கே திரும்பினார்கள். நானும் திரும்பிக் கையைக் கூப்பினேன். முதுகுக்குப் பின்னால் பால் ஊற்றுகிற சத்தம். பிறகு நுரை பொங்கி, தீயில் விழுந்து சுரீர் என்றது.

"பொங்கலோ பொங்கல்!"

முதலில் கூவியது அக்கா. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அக்கா விசிலுக்குக் கட்டுப்படுவதில்லை. அவள் கிழக்கே திரும்பவே இல்லை. நேருக்கு நேராக உலகம்மாளையும் வாளியையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மத்தியானப் பந்தியில் நான் பரிமாறினேன். உலகம்மாள் முதல் வரிசையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஆவி பறக்கிற பொங்கலை, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்களால் எடுத்து ஊதி ஊதிச் சாப்பிட்டாள். அவள் பண்டிகைச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்பதைவிடப் பெரிய வார்த்தை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

சாப்பிட்டதும் அக்கா உலகம்மாளைக் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். நானும் அத்தானும் வெளியே. தோற்றோம் என்றே முடிவு கட்டினேன். பிறகு திடீரென்று சிரிப்பு, அப்படி ஒரு சிரிப்பு. கட்டில் கிரீச்சிட்டது. அக்கா இப்படிச் சிரிப்பதை அத்தானே இன்றைக்குத்தான் கேட்டிருப்பார் என்று தோன்றியது, அவர் முகத்தைப் பார்த்தால்.

வெளியே வந்து, "மூணும் பாஸ்ல. பண்டிகை இங்கயே இருக்கட்டும்," என்றாள் அக்கா. பிறகு என்னை உற்றுப் பார்த்து, "ஆமா, இவ கட்டு எப்ப பிரிப்பாக?"

உலகம்மாள் தரையைப் பார்த்தாள்.

"சித்திரை வரைக்கும் ஆகும்க்கா. டாக்டரைக் கடைத்தெருவுல பாத்தேன், அவரே சொன்னாரு," என்றேன்.

உலகம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். என்னையே பார்த்தாள். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போனபோது பார்த்தது போல ஒரு பார்வை. பாத்திரம் விளக்கப் போய்விட்டேன்.

ஜனவரி 17, சனி

அக்காவும் அத்தானும் ஊருக்குப் போனார்கள். மிச்சப் பொங்கலைத் தாளித்துப் பார்த்தேன். பொங்கலைத் தாளிக்கக் கூடாது.

ஜனவரி 21, புதன்

மதுரையிலிருந்து அத்தான் போன் செய்தார். குரலே சரியில்லை.

"மாப்ள, உங்கக்கா குளியலறையில வழுக்கி விழுந்துட்டா. மணிக்கட்டு. வீங்கவே இல்ல, ஆனா வலி உயிர் போவுதுங்கா. கையில கட்டுப் போட்டுக்கிட்டு டிவி முன்னால உக்காந்திருக்கா. ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேங்கா. இது எப்ப மாப்ள சரியாகும்?"

"நரம்பு சமாச்சாரம் அத்தான். அவசரப்படக் கூடாது. ஆடி வரைக்கும் போகலாம்," என்றேன்.

அந்தப் பக்கம் பெருமூச்சு. பிறகு மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, உப்புமாவுக்குத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். நான் ரவையை வறுப்பதிலிருந்து ஆரம்பித்துப் பொறுமையாக விளக்கினேன். மிளகாய் இரண்டு போடுங்கள் என்றும் சொன்னேன்.

பக்கத்தில் உலகம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் உப்புமாவில் கவனமாக இருந்ததால் எதையும் பார்க்கவில்லை.